கடற்கரையில் வீடு கட்டும் முன் ஓர் ஐப்பசி இரவு அங்கே தங்கிப் பாருங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள். "டீச்சர் ரிட்டயர் ஆகியும் பாடம் நடத்துறதை விடல" என்று சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் கடைசி வரை படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை என் தங்கை மகன் பெங்களூரிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வீட்டின் படம் அனுப்பினான். மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவில், கிழக்குக் கடற்கரைச் சாலைக்குக் கிழக்கே, அலைக்குப் பக்கத்தில் இடம் பார்த்து அட்வான்ஸ் கொடுத்திருக்கிறான். லீவுக்குப் போய்த் தங்க ஒரு வீடு. மற்ற நாட்களில் வாடகைக்கு விடலாம் என்று கணக்கு. படத்தில் வீடு வெள்ளைப் பெட்டிகளை அடுக்கியது மாதிரி இருந்தது. கடலைப் பார்த்த பக்கம் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி. மொட்டை மாடியில் நீச்சல் குளம். முன்னால் மணல்மேட்டைச் சமப்படுத்திப் புல்தரை, அதன் ஓரம் கருங்கல் சுவர், சுவரை ஒட்டி அலை.

"எப்படி இருக்கு பெரியம்மா?" என்று கேட்டிருந்தான். நானும் கட்டைவிரல் படம் ஒன்றைத் தட்டி அனுப்பிவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை.

ஏன் என்றால் அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். ஓமலூரில் சரபங்கா ஆற்றுப் பக்கம் எங்கள் அப்பா விட்டுப்போன காட்டில் என் தங்கையின் பங்கு அது. மூன்று தலைமுறை உழுத மண் போய் அந்த மணலில் இறங்கப் போகிறது. மறுநாள் அவனோடு ஒரு மணி நேரம் போனில் பேசினேன். கோபித்துக்கொள்வான் என்று நினைத்தேன். "இதை எழுதுங்க பெரியம்மா, என் ஃப்ரெண்ட்ஸ் நாலு பேர் இதே மாதிரி இடம் வாங்கியிருக்காங்க" என்றான். அவன் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

சேலம் ஜில்லாக்காரிக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படிக்கும்போது ராமேஸ்வரம் சுற்றுலா போனதுதான் நான் முதன்முதலில் கடலைப் பார்த்தது. அங்கிருந்து தனுஷ்கோடிக்கும் போனோம். மணலில் கூரை இல்லாமல் நின்ற தேவாலயச் சுவரைத் தொட்டுப் பார்த்தது இன்றும் கையில் இருக்கிறது. அதற்கப்புறம் முப்பது வருஷத்துக்கு மேல் உங்களுக்குத் தமிழும் அறிவியலும் சொல்லிக்கொடுத்தேன். அந்த இரண்டு பாடத்தையும் வைத்துத்தான் இப்போது பேசுகிறேன். கட்டட விவரங்களை என்னிடம் எட்டாவது படித்து இன்று சிவில் இன்ஜினியராக இருக்கும் ஒரு மாணவனிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டேன்.

முதலில் தமிழ்ப் பாடம். ஐந்திணை ஞாபகம் இருக்கிறதா? முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள். முதலில் நிலமும் பொழுதும். அடுத்து அந்த நிலத்தின் மரம், பறவை, மக்கள், தொழில். கடைசியில்தான் மனுஷ மனசின் உணர்வு. தொல்காப்பியம் வைத்த வரிசை அது. பரீட்சைக்காக மனப்பாடம் செய்தோம். வீடு கட்டுவதற்கும் அதே வரிசைதான் என்பது என் கருத்து. என் தங்கை மகன் படத்தில் வரிசை தலைகீழாக இருந்தது. "படுக்கையிலிருந்தே சூரிய உதயம் பார்க்கணும்" என்ற ஆசையில் ஆரம்பித்து, அந்த ஆசைக்கு ஏற்ற கண்ணாடியைப் போட்டு, கண்ணாடிக்கு ஏற்ற மாதிரி மணல்மேட்டை வெட்டியிருந்தார்கள். நிலம் கடைசியில் வந்தது. காலம் வரவே இல்லை. அந்தப் படத்தில் எப்போதும் சித்திரை மாதத்துக் காலை ஆறு மணிதான்.

எங்கள் தாத்தாவின் காட்டுக்கொட்டாய் அப்படி இல்லை. உறவுகளில் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். மேற்கே வாசலும் கிடையாது, ஜன்னலும் கிடையாது. ஆடிக் காற்று மேற்கேயிருந்து வரும். கரும்புச் சோகை வேய்ந்த கூரை அந்தப் பக்கம் குனிந்தால் தொடுகிற உயரத்தில் இருக்கும். மேற்கே வரிசையாக வேம்பும் புங்கனும். கொட்டாய் கிணற்று மேட்டில் இருக்கும், வண்டல் பூமியில் இருக்காது. தாத்தா எந்த ஆர்க்கிடெக்டையும் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் காட்டில் நாற்பது ஆடி பார்த்திருந்தார். தங்கை மகன் அவன் இடத்தைப் பார்த்தது ஒரே ஒரு நாள். அதுவும் தை மாதம்.

இனி அறிவியல் பாடம். காற்றிலிருந்து ஆரம்பிக்கலாம்.

இந்தியாவில் கட்டடம் கட்ட அடிப்படைக் காற்று வேகம் என்று ஒரு கணக்கு இருக்கிறது. இந்தியத் தர நிர்ணய விதியில் கோவைக்கும் மதுரைக்கும் நொடிக்கு 39 மீட்டர். சென்னைக்கு 50 மீட்டர். மணிக் கணக்கில் பார்த்தால் 140 கிலோமீட்டர், 180 கிலோமீட்டர். கால் பங்குதானே கூட என்று தோன்றும். ஆனால் காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். 39-க்குச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 90 கிலோ எடை அழுத்துவதுபோல என்றால், 50-க்கு 150 கிலோ. ஒன்றரை மடங்குக்கும் மேல். தங்கை மகன் வரைந்த கண்ணாடிச் சுவர் 20 அடிக்கு 10 அடி. அப்படியொரு புயலில் அதன்மேல் விழும் எடை இரண்டே முக்கால் டன்னுக்கு மேல். கொழுத்த யானை ஒன்று கண்ணாடியில் சாய்ந்து நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

அழுத்துவது மட்டுமில்லை, தூக்கவும் செய்யும். வகுப்பில் ஒரு காகிதத் துண்டை உதட்டுக்குக் கீழே வைத்து மேலே ஊதிக் காட்டினேனே, காகிதம் எழும்பியதே, அதேதான். கூரைமேல் காற்று வேகமாக ஓடும்போது கூரையை மேலே இழுக்கும். அந்த நேரத்தில் கண்ணாடி உடைந்து காற்று உள்ளே புகுந்தால் உள்ளேயிருந்தும் தள்ளும். இழுப்பும் தள்ளலும் சேர்ந்தால் கூரை போய்விடும். புயலின் கண் கடந்தால் காற்று எதிர்த் திசையிலிருந்து திரும்ப அடிக்கும். அதனால் ஒரு பக்கம் மட்டும் பலப்படுத்திப் பயனில்லை.

இதெல்லாம் நூறு வருஷத்துக்கு ஒருமுறை நடப்பதில்லை. 2011 டிசம்பர் 30-இல் தானே, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில். 2016 டிசம்பர் 12-இல் வர்தா, சென்னையில். 2018 நவம்பர் 16-இல் கஜா, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் அப்படியே படுத்துவிட்டதை டிவியில் பார்த்து அழுதவர்கள் நாம். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல், புதுச்சேரிக்குப் பக்கத்தில். அது கடலோரத்தோடு நிற்காமல் உள்ளே வந்து ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியதை நம் பக்கத்தார் யாரும் மறக்க மாட்டார்கள். தங்கை மகன் இடம் வாங்குவது அந்த ஃபெஞ்சல் வந்த வழியில்தான்.

அப்படியானால் கோட்டை மாதிரி ஜன்னலே இல்லாமல் கட்டுவதா? அதுவும் சரியில்லை. நிலம் சொல்வதைக் கேட்டுக் கட்டிய வீடுகள் அழகாகவே இருந்திருக்கின்றன. இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

கலிஃபோர்னியாவில் இருக்கும் என் மாணவர்களே, சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே சீ ராஞ்ச் என்று ஓர் இடம் இருக்கிறது. முடிந்தால் ஒருநாள் போய்ப் பாருங்கள். 1960-களில் விடுமுறை வீடுகளுக்காகவே உருவான கடலோரக் குடியிருப்பு அது. பெயர் பெற்ற நிலவடிவமைப்பாளர் லாரன்ஸ் ஹால்ப்ரின் முதலில் அந்த இடத்தின் காற்றைத்தான் ஆராய்ந்தார். கடல் காற்று அங்கே மரங்களைச் சீவிச் சாய்வாக்கியிருந்தது. அந்தச் சாய்வையே கூரைக்கு எடுத்துக்கொண்டார்கள். வீடுகளைக் கடல் விளிம்பில் வரிசையாக வைக்காமல், பழைய மரவரிசைகளை ஒட்டி ஒதுக்கி வைத்தார்கள். நடுவில் இருந்த புல்வெளியை எல்லோருக்கும் பொதுவாக விட்டார்கள். வண்ணம் பூசாத மரப்பலகைச் சுவர்கள் வெயிலிலும் உப்பிலும் சாம்பல் நிறமாகி நிலத்தோடு சேர்ந்துவிட்டன.

இன்னொன்று பக்கத்திலேயே, இலங்கையில். ஜெஃப்ரி பாவா என்ற பெரிய கட்டடக் கலைஞர் 1990-களின் கடைசியில் தென்கோடி மிரிஸ்ஸாவில் கடலைப் பார்த்த மேட்டில் ஒரு வீடு கட்டினார். மெல்லிய தூண்கள், மேலே ஒரு கூரை, நடுவில் சுவரில்லாத திறந்த கூடம். காற்று ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போய்விடும். அந்தப் படத்தைத் தங்கை மகனே எனக்கு அனுப்பி, "இதுல சுவரே இல்லையே பெரியம்மா, இது நிக்கலையா?" என்று கேட்டான். நல்ல கேள்வி. பதிலும் நிலத்தில்தான் இருக்கிறது. மிரிஸ்ஸா பூமத்திய ரேகைக்கு நெருக்கமான இடம். அங்கே புயல் அரிது. அந்த வீடு நிற்பதும் உயரமான மேட்டில். மரக்காணம் புயல் வரும் வழி, அதுவும் தாழ்ந்த மணல் கரை. பாவா அந்த நிலத்துக்குக் கேட்டதைக் கொடுத்தார். அவர் முறையைப் படித்துக்கொள்ளலாம். அவர் படத்தைக் காப்பியடித்தால் ஃபெயில்தான். பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதினால், கேள்வித்தாள் வேறாக இருந்தால் என்ன ஆகும்?

அடுத்தது, வீடு எங்கே நிற்க வேண்டும் என்ற கேள்வி. என் கணக்கில் இதுதான் முதல் கேள்வி. எப்படிக் கட்டுவது என்பது இதற்கப்புறம்தான்.

தரங்கம்பாடிக்குப் போனவர்கள் மாசிலாமணிநாதர் கோயிலைப் பார்த்திருப்பீர்கள். 1306-இல் பாண்டியர் காலத்தில் கட்டியது. கட்டும்போது யாரும் அலையில் கட்டியிருக்க மாட்டார்கள். கடல் மெதுவாக நெருங்கி முன்பகுதியைத் தின்றுவிட்டது. எழுநூறு வருஷக் கதை அது. தனுஷ்கோடியின் கதை ஒரே ராத்திரிக் கதை. 1914-இல் பாம்பன் பாலம் வந்த பிறகு ரயிலும் கப்பலும் சந்திக்கும் துறைமுகமாக வளர்ந்த ஊர், 1964 டிசம்பர் 22 ராத்திரி ஒரு பயணிகள் ரயிலோடு சேர்ந்து போனது. ஐம்பதே வருஷம்தான் அந்த ஊருக்கு ஆயுசு. 2004 டிசம்பர் 26 சுனாமியைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள்.

கடல் நின்ற இடத்திலேயே நிற்காது. அது வந்து போகும் இடத்தை அதற்கே விட்டுவிட வேண்டும். அந்த இடத்துக்கு வேலிதான் மணல்மேடு. அடப்பங்கொடியும் ராவணன் மீசைப் புல்லும் தாழையும் வேர்விட்டுப் பிடித்துவைத்திருக்கும் மேடு. புயலில் கொஞ்சம் கரையும். பிறகு காற்றும் அலையும் மணலைக் கொண்டுவந்து போட மறுபடி எழும். கல் சுவருக்கு அந்தக் குணம் கிடையாது. வேதாரண்யம் பக்கம் நாலுவேதபதி என்ற கிராமத்தில் 2002-இல் ஒரே நாளில் 80,000 மரக்கன்றுகளுக்கு மேல் நட்டுக் கின்னஸ் சாதனை செய்தார்கள். இரண்டு வருஷத்தில் சுனாமி வந்தபோது கரைக்கும் ஊருக்கும் நடுவில் அந்தத் தோப்பு இருந்தது, ஊர் பெருஞ்சேதத்திலிருந்து தப்பியது. எல்லாச் சுனாமியையும் மரம் தடுத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. மேட்டையும் மரத்தையும் எடுத்துவிட்டுப் புல்தரை போடுவது நம் கதவை நாமே கழற்றி வைப்பது என்கிறேன்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1991-இல் வந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையிலேயே, வளர்ச்சி அடையாத ஊரகக் கரையில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை புதிதாகக் கட்டக் கூடாது என்று வைத்தார்கள். 2019 அறிவிக்கையில், சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊரகப் பகுதிகளில் அந்தத் தூரத்தை 50 மீட்டராகக் குறைத்தார்கள். மற்ற ஊரகப் பகுதிகளுக்கு 200 மீட்டர்தான். உங்கள் இடம் எதில் வருகிறது என்று புரோக்கர் வாயால் கேட்காதீர்கள். அரசின் கடற்கரை மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் சர்வே எண்ணை வைத்துப் பாருங்கள். சட்டம் 50 மீட்டர் என்று சொன்னாலும் கடலுக்கு அந்த அறிவிக்கை போய்ச் சேர்ந்ததா என்று நமக்குத் தெரியாது. தள்ளி நிற்பவனுக்கு நஷ்டம் இல்லை.

"கருங்கல் சுவர் போட்டா கடல் வராதுல்ல?" என்று கேட்டான். உங்கள் வீட்டுக்கு வராமல் இருக்கலாம். அடுத்த வீட்டுக்குப் போகும். நம் கிழக்குக் கரையில் அலைகள் மணலைக் கரையோரமாக வருஷம் முழுக்க நகர்த்திக்கொண்டே இருக்கின்றன. வருஷக் கணக்கில் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். நடுவில் கல்லைப் போட்டால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். சென்னைத் துறைமுகம் கட்டிய பிறகு தெற்கே மெரினா அகலமாகியது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை கரைந்தது. புதுச்சேரியில் 1980-களின் கடைசியில் துறைமுகத் தடுப்புச்சுவர் வந்த பிறகு நகரத்துக்கு முன்னால் இருந்த மணல் கரையே காணாமல் போய்க் கல் அடுக்க வேண்டிவந்தது. வடக்கே இருக்கும் மீனவர் குப்பங்கள் இன்றும் வீடுகளை இழக்கின்றன. ஒரு வீட்டுச் சுவர் துறைமுகம் ஆகிவிடாது. ஆனால் வரிசையாக ஐம்பது வீடு ஐம்பது சுவர் போட்டால்?

தண்ணீர் விஷயம் இன்னும் முக்கியம். கடற்கரை மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் இருந்தால், கீழே சுமார் 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும். இது எழுதிவைத்த கணக்கு. இதையே திருப்பிப் போடுங்கள். மேலே ஓர் அடி இறங்கும் அளவுக்கு உறிஞ்சினால், கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறி வரும். நம் ஊரில் 800 அடி போர் போட்டாலும் வராத தண்ணீருக்கு ஏங்கியவர்கள் நாம். அங்கே ஆழமாகப் போட்டால் தண்ணீர் கட்டாயம் வரும், உப்பாக வரும். மாடியில் நீச்சல் குளத்தை நிரப்ப எடுக்கும் தண்ணீர், பக்கத்துக் குப்பத்து அடிபம்பிலிருந்து எடுப்பது. அந்த அம்மாக்கள் உப்புத் தண்ணீரில் உலை வைக்கும்போது நாம் மேலே நீந்திக்கொண்டு சூரிய உதயம் பார்க்க முடியுமா?

இடம் சரியாக அமைந்த பிறகு வீட்டுக்கு வரலாம். என் மாணவன் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

வீடு தாழ்வாகவும் கச்சிதமாகவும் இருக்கட்டும். நாலு பக்கமும் சாயும் கூரை, இரண்டு பக்கம் மட்டும் சாயும் கூரையைவிடப் புயலைத் தாங்கும். கூரைச் சட்டத்தைச் சுவரோடும், சுவரை அஸ்திவாரத்தோடும் விடாமல் பிணைக்க வேண்டும். திண்ணைக்குத் தனிக் கூரை போடுங்கள். புயலில் போனால் அது மட்டும் போகட்டும், வீட்டுக் கூரையையும் பிய்த்துக்கொண்டு போகக் கூடாது. ஜன்னல்கள் எதிரெதிரே, அளவாக, ஒவ்வொன்றுக்கும் கெட்டியான மரக் கதவோடு. கடலைப் பார்க்க வேண்டுமா, திண்ணையில் உட்கார்ந்து பாருங்கள். கோடையில் மத்தியானத்துக்கு மேல் கடல் காற்று வரும் திசையில் திறப்பு வையுங்கள். ஏசி தேவைப்படாது. ஐப்பசி, கார்த்திகையில் மழை வடகிழக்கிலிருந்து படுக்கையாக அடிக்கும். அந்த மூலையில் திறப்பு வேண்டாம். தரைமட்டத்தை உயர்த்துங்கள்.

உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊரில் சாதாரண வீட்டுத் தளத்துக்கு எம் 20 கான்கிரீட், கம்பிக்கு மேல் 20 மில்லிமீட்டர் மூடாக்குப் போதும். கடல் காற்று நேராகப் படும் இடத்தில் விதி கேட்பது எம் 30, மூடாக்கு 45 மில்லிமீட்டர். இந்த இரண்டரை சென்டிமீட்டரைக் கொத்தனார் "பார்த்துக்கலாம் சார்" என்று விட்டால், சில வருஷத்தில் கம்பி துருப்பிடித்து வீங்கி கான்கிரீட்டை வெடிக்கவைக்கும். கடல் மணல், உப்புத் தண்ணீர் இரண்டையும் கலவைக்குப் பக்கத்திலேயே விடக் கூடாது. போன கோடையில் நாங்கள் குடும்பத்தோடு அந்தப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் இரண்டு நாள் தங்கினோம். புது வீடுதான். அதற்குள் ஜன்னல் கிரில்லில் துரு வழிந்திருந்தது. பெரிய கண்ணாடி முழுக்க உப்புப் படிந்து கடலே மங்கலாகத் தெரிந்தது. என் தங்கை முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக் கடலைப் பார்த்தாள். விடுமுறை வீடு வருஷத்தில் முக்கால்வாசி நாள் பூட்டிக் கிடக்கும். உப்பு ஒருநாளும் லீவு எடுக்காது.

கடைசியாக, கருப்பொருள். அந்த நிலத்தின் மக்கள். அலைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருப்பது "காலி இடம்" என்று படத்தில் எழுதியிருந்தார்கள். அது காலி இடம் இல்லை. படகு ஏற்றும் இடம், வலை உலர்த்தும் இடம், மீன் ஏலம் போடும் இடம், பிள்ளைகள் கபடி ஆடும் இடம். தை முதல் பங்குனி வரை ராத்திரியில் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறும் இடம். குஞ்சு பொரித்ததும் வெளிச்சத்தைப் பார்த்து நகரும். நம் தோட்டத்து விளக்கு எரிந்தால் கடலுக்குப் போவதற்குப் பதில் நம் கேட்டுக்கு வந்து சாகும். வேலி போடும்போது குப்பத்துக்காரர்கள் நடக்கும் பாதையை அடைக்காதீர்கள். புயல் எச்சரிக்கை வந்த ராத்திரி, நீங்கள் பெங்களூரில் இருக்கும்போது, உங்கள் ஜன்னல் கதவைச் சாத்தப் போகிறவர் அந்தப் பாதையில் நடந்து வருகிறவர்தான்.

"பக்கத்துல எல்லாரும் கண்ணாடிதான் பெரியம்மா வச்சிருக்காங்க. வாடகைக்கு வர்றவங்க அதைத்தான் கேக்கறாங்க" என்றான். இதில் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. தள்ளிக் கட்டினால், தாழக் கட்டினால், வாடகை குறையலாம். ஆனால் கண்ணாடிக்கும் சுவருக்கும் குளத்துக்கும் போடும் முதலும் குறையும். வருஷா வருஷம் ரிப்பேர் செலவும் குறையும். நல்ல வீடு எப்படி இருக்கும் என்று பார்க்க முட்டுக்காட்டில் தட்சிணசித்ராவுக்குப் போங்கள். லாரி பேக்கர் ஆரம்ப வடிவமைப்புக் கொடுத்த இடம் அது. ஓட்டுக் கூரை, திண்ணை, முற்றம் எல்லாம் அதே கிழக்குக் கடற்கரைச் சாலையில் அழகாக நிற்கின்றன. பணம் கொடுத்து டிக்கெட் வாங்கி ஜனங்கள் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அதே வீட்டில் ஒருநாள் தங்கச் சொன்னால் வர மாட்டார்களா?

கடற்கரையில் வீடே கட்டாதே என்று நான் சொல்லவில்லை. என் தங்கைக்கு முட்டிவலி. வாழ்க்கை முழுக்கக் காட்டு வேலை செய்தவள். திண்ணையில் உட்கார்ந்து கடலைப் பார்க்க வேண்டும் என்பது அவள் ஆசை. அது நிறைவேறட்டும். அதனால்தான் தங்கை மகனிடம் இரண்டு விஷயம் மட்டும் கேட்டேன். ஒன்று, மீதிப் பணம் கொடுப்பதற்கு முன் வரைபடத்தில் சர்வே எண்ணைப் பார். இரண்டு, ஐப்பசியில் மழை அடிக்கும் ஒரு ராத்திரி, புயல் எச்சரிக்கை இல்லாத நாளாகப் பார்த்து, பக்கத்துக் குப்பத்தில் யார் வீட்டிலாவது கேட்டுத் தங்கு. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, தண்ணீர் எங்கே தேங்குகிறது, அலை எதுவரை ஏறுகிறது என்று அந்த வீட்டுப் பெரியவர்களிடம் கேள். அதற்குப் பிறகு உன் ஆர்க்கிடெக்டைக் கூட்டிக்கொண்டு போய் வெள்ளைத்தாளில் ஆரம்பி.

நேற்று ராத்திரி அவன் மெசேஜ் வந்தது. "பெரியம்மா, ஐப்பசியில நீங்களும் வாங்க. அம்மாவையும் கூட்டிட்டுப் போலாம்." குடை, ஸ்வெட்டர், டார்ச் எல்லாம் இப்போதே எடுத்து வைத்துவிட்டேன். போய்வந்து இரண்டாம் பாகம் எழுதுகிறேன்.

கடலோரத்தில் வேலை பார்க்கும், வீடு கட்டியிருக்கும் மாணவர்கள் யாராவது இருந்தால் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். நான் சொன்னதில் தப்பு இருந்தாலும் தயங்காமல் திருத்துங்கள். டீச்சருக்கு மார்க் குறைத்தால் டீச்சர் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

எல்லோரும் நல்லா இருங்க கண்ணுகளா.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
ஓமலூர்.